பெரியப்பா எடுத்த முப்பத்தோரு ஷாட்

அவருக்குப் பெரியப்பா என்று பெயர் விழுந்தது முதல் நாள் காலையிலேயே. சினிமாப் பள்ளியின் வகுப்பறைக்குள் நாற்பத்தாறு வயது ஆள் ஒருவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பளபளத்த ஷூவுமாக நுழைந்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வாத்தியார் என்று நினைத்துப் பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். அவர் நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்துத் தேதி போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து உண்மையான வாத்தியார் வந்தார். முப்பத்து மூன்று வயது, அரைக்கால் சட்டை. அவர் இவரைப் பார்த்து "சார்" என்றார். இவரும் எழுந்து நின்று "சார்" என்றார். யார் யாருக்கு சார் என்ற வழக்கு வருஷம் முழுக்கத் தீரவில்லை.

பெரியப்பா பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மச்சானும் அவரும் சேர்ந்து நடத்தும் டிரைவிங் ஸ்கூல். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் இவர் உட்கார்ந்திருப்பார். இவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் சினிமா தியேட்டரில் திரையில் ஒரு வண்டி வேகமாக வந்தால்கூட இவர் கால் தரையை அமுக்கும். சினிமா என்றால் உயிர். ஆனால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வரமாட்டார். கேமராவை அங்கே வைத்தது தப்பு, இன்னும் இரண்டடி கீழே வைத்திருக்க வேண்டும் என்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வருவார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி இருபது வருஷம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, கேமரா வச்ச இடம் சரியில்லன்னு எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வைக்கறவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் ஒரு நாள். கிண்டலாகத்தான் சொன்னாள். பிளஸ் டூ படிக்கும் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கே தெரியாமல் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டாள். பதினெட்டு வயதுக்கு மேல் என்றுதான் அதில் போட்டிருந்தது. எவ்வளவு மேல் என்று போடவில்லை. நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "காலைல ஆறுல இருந்து எட்டரை வரைக்கும் கிளாஸ் எடுத்துக்கோங்க மாமா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர்.

பள்ளியில் முதல் இரண்டு வாரம் ஒயர் சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள். சினிமா என்று ஓடி வந்த பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் வீசும்போது முறுக்கிக்கொள்ளாமல் நேராக விழும். பெரியப்பா மூன்றாம் நாளே தேறிவிட்டார். அதன்பின் விளக்கு. எரிந்த விளக்கைத் துணியில்லாமல் தொட்டு இரண்டு விரல் கொப்பளித்தது. அதன்பின் கிளாப் கட்டை. கட்டைக்கு நடுவில் கட்டைவிரலை வைத்து அடித்துக்கொண்டு, ஷாட் நடக்கிறதே என்று வாயைத் திறக்காமல் கண்ணில் தண்ணீர் விட்டபடி நின்றார். மைக் கம்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துத் தோள்பட்டை இரண்டு நாள் எழும்பவில்லை. எல்லாவற்றையும் சந்தோஷமாகவே பட்டார். சாப்பாட்டு மேஜையில் மகளிடம் காயங்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கம் சொன்னார்.

ஆனால் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டி முதல் முறை கைப்பிடியைப் பிடித்த அன்று அவர் வீட்டுக்கு வந்து எதுவும் பேசவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் கை போகிற பக்கம் சாலையைப் பார்த்தவர் அவர். இது தன் கையிலேயே திரும்பியது. மெல்லத் திருப்பினால் மெல்லத் திரும்பியது. இதுதான் வேண்டும் என்று அன்றே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்தால் போதுமா? அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் வருஷம் நான்கு பேர்தான் இயக்குநர்கள். யாருக்குக் கேமரா என்பதை வாத்தியார் தீர்மானிக்க மாட்டார். அந்த நான்கு பேரும் ஆளுக்கு ஒருவரைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, ஏன் இவர் என்று ஒரே ஒரு காரணமும் சொல்ல வேண்டும். எடுக்கப்படாதவர்கள் சவுண்டுக்கும் எடிட்டிங்குக்கும் போய்விடுவார்கள். இருபது வயதுப் பிள்ளைகள் தன்னை எதற்கு எடுப்பார்கள் என்று பெரியப்பாவுக்குப் புரியவில்லை. கேமரா இல்லையென்றால் திரும்பிப் போய் மச்சானோடு முழு நேரமும் உட்கார்ந்துவிடுவது என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அதனால்தான் வருஷக் கடைசியில், ஊசியின் ஐந்து நிமிடப் படத்துக்கு நீங்கள்தான் கேமரா என்று வாத்தியார் சொன்னபோது அவர் அதை நோட்டில் இரண்டு தடவை எழுதி அடிக்கோடிட்டார். ஊசி என்பது அந்தப் பெண்ணின் நாக்குக்கு வைத்த பெயர். இருபத்தோரு வயது. வகுப்பில் நன்றாக எழுதுகிறவள் அவள்தான்; நான்கு இயக்குநர்களில் ஒருத்தி என்பது உறுதி. அவளிடம் நல்ல பெயர் வாங்கினால் கேமரா. கெட்ட பெயர் வாங்கினால் எடிட்டிங் அறை. பெரியப்பா படப்பிடிப்புக்கு முந்தின நாள் வீட்டு ஹாலில் காலி ட்ரைபாடை வைத்துப் பழகினார். மகள்தான் நடிகை.

படப்பிடிப்பு நடந்தது வாத்தியாரின் நண்பர் ஒருவர் காலி செய்துகொண்டிருந்த வீட்டில். இரண்டாவது மாடி. கட்டில் கழற்றியாகிவிட்டது, சுவரெல்லாம் படம் மாட்டியிருந்த இடங்கள் வெளுப்பாகத் தெரிந்தன, கூடம் நிறைய அட்டைப்பெட்டி. மறுநாள் காலை ஏழு மணிக்கு லாரி வந்துவிடும். ஊசியின் கதைக்கு அப்படி ஒரு வீடுதான் தேவைப்பட்டது. வீட்டைக் காலி செய்யும் ஒரு பெண், ஒன்பது வருஷமாகப் பேசாத தங்கைக்கு ஃபோன் செய்கிறாள். அம்மாவின் கண்ணாடி அலமாரி யாருக்கு என்று கேட்கிற சாக்கில் ஆரம்பித்து, கடைசியில் அழுதுவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. நடித்தவர் ஊசியின் அம்மா. மருந்துக் கடையில் வேலை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

காலையிலிருந்தே எல்லாம் கவனமாகத்தான் செய்தார்கள். அந்தக் கவனம்தான் ஆளைக் கவிழ்த்தது. கேமரா ஓடும்போது முன்னால் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும். அது அலமாரிக் கண்ணாடியில் தெரிகிறது என்று பெரியப்பா அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். பட்டனை அழுத்தினால் வரும் பீப் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் அணைத்தார். பாக்கி இருந்தது கேமராவின் சின்னத் திரையில் ஓடும் எழுத்துகளும் எண்களும்.

"இத எதுக்கு முகத்துமேல ஓட விட்டிருக்காங்க?" என்றாள் ஊசி. "அம்மா கண்ணே தெரிய மாட்டேங்குது. அணைச்சிடுங்க பெரியப்பா."

"இருந்தா நல்லதும்மா. ஓடுதா இல்லையான்னு அதுலதான் தெரியும்."

"பட்டன அழுத்தினா ஓடப்போகுது. எனக்கு முகம் தெரியணும்."

இயக்குநர் சொன்னால் சொன்னதுதான் என்று வகுப்பில் படித்திருக்கிறார். அணைத்தார். அணைத்துவிட்டு, பட்டன் சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஊசியின் அம்மா, "ஒரு கை குடுங்க, இந்தப் பெட்டி நகர மாட்டேங்குது" என்று கூப்பிட்டார். பெரியப்பா ஓடிப் போய் நகர்த்திக் கொடுத்தார். திரும்பி வந்தபோது எல்லாரும் தயாராக நின்றார்கள்.

"ரோல்" என்றாள் ஊசி. பெரியப்பா பட்டனை அழுத்தினார். "ஓடுது" என்றார் கம்பீரமாக.

ஓடிக்கொண்டிருந்த கேமரா அந்த நொடியில் நின்றது. அவள் கட் சொன்னதும் இவர் அழுத்த, ஓட ஆரம்பித்தது. அடுத்த ரோலுக்கு நின்றது. இப்படியே நாள் முழுக்க. எடுத்ததைப் போட்டுப் பார்த்தாலாவது தெரிந்திருக்கும். முதல் வருஷப் பிள்ளைகள் படப்பிடிப்பு இடத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது பள்ளியின் சட்டம். கண்ணை நம்பிப் பழக வேண்டுமாம். கண்ணைத்தான் நம்பினார்கள்.

முப்பது டேக். ஊசியின் அம்மா முதல் பத்து டேக்கில் மருந்துக் கடையில் மாத்திரை சாப்பிடும் நேரம் சொல்கிற குரலிலேயே பேசினார். போகப் போகச் சரியானார். இருபத்து நான்காவது டேக்கில் நிஜமாகவே அழுதார். மைக் கம்பைப் பிடித்திருந்த நெட்டைப் பையன் மூச்சுவிடவில்லை. பெரியப்பா திரையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிப் பாதி தெரியவில்லை. ஊசி கட் என்று சொல்லாமல் கையைத்தான் காட்டினாள். பெரியப்பா மறக்காமல் பட்டனை அழுத்தினார்.

மாலை ஐந்தரை மணிக்குப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் அவர் உட்கார்ந்து, படம் பதிவாகும் கார்டைக் காப்பி எடுக்கக் கம்ப்யூட்டரில் செருகினார். முப்பது டேக் எடுத்தோம், முப்பத்தொன்று காட்டுகிறது. ஒன்று கூடுதலாகவே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார், பாவம். முதல் துண்டைத் திறந்தார். ஒரு தொப்பை. இஸ்திரி போட்ட சட்டைக்குள் அடங்கிய, நன்றாகத் தெரிந்த தொப்பை. அது கேமராவைத் தாண்டிப் போயிற்று, பெட்டியை நகர்த்திற்று, திரும்பி வந்தது. "ரோல்" என்று குரல் கேட்டது. துண்டு முடிந்தது.

இரண்டாவதைத் திறந்தார். ஊசியின் அம்மா பெட்டிமேல் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் தன்னுடைய முகமே பெரிதாக வந்து லென்ஸைத் துடைத்தது. முப்பத்தொன்றையும் பார்த்தார். ஒரு டேக்கூட இல்லை. அழுதது இல்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்தியது இருந்தது.

முதல் துண்டை மறுபடி திறந்து பார்த்தார். அவமானமாக இருந்தது. முதல் நாள் வண்டி பழக வருகிறவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று தோன்றியது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன பெரியப்பா, கார்டு படிக்கலையா? போன வாரம் அந்தப் பசங்களுக்கும் இப்படித்தான் செத்துப்போச்சு." மஞ்சள் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இத எழுதிக் குடுத்துடுங்க. மார்க் குறைக்க மாட்டாங்க. ஒரு வாரம் கூடவும் தருவாங்க."

பெரியப்பா பாரத்தை வாங்கிக்கொண்டார். கார்டை அழிக்க இரண்டு முறை சொடுக்கினால் போதும். அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊசிக்கு நாள் கிடைக்கும், மார்க் போகாது. இவர் பெயரும் தப்பிக்கும், கேமராவும் கிடைத்தாலும் கிடைக்கும். அந்தப் பொய்யால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதுதான் அதில் பெரிய கவர்ச்சி. பேனாவைத் திறந்து தேதியும் எழுதிவிட்டார்.

காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் நடுரோட்டில் வண்டியை அணைத்திருக்கிறார்கள். அதற்காக அவர் யாரையும் கடிந்துகொண்டதில்லை. அணைத்துவிட்டு "வண்டி சரியில்ல சார்" என்பார்கள் பாருங்கள், அப்போதுதான் அவருக்குக் கோபம் வரும். வண்டி சரியாகத்தான் இருக்கிறது, கிளட்ச்சை விட்டது நீங்கள் என்பார். அதை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வண்டி கடைசி வரை வராது என்பது அவர் கண்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார்.

"ஊசிம்மா, பெரியப்பா பேசறேன்."

"சொல்லுங்க. கார்டு காப்பி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஆனா நாம எடுத்தது எதுவும் இல்ல. நீ கட் சொன்னதுல இருந்து ரோல் சொல்ற வரைக்கும்தான் இருக்கு. நான் பட்டன மாத்தி மாத்தி அழுத்தியிருக்கேன்."

"அம்மா அழுதது?"

"இல்லம்மா."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. முக்கால் மணி நேரத்தில் அவளே வந்து நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திட்டியிருந்தால் பெரியப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மேஜைமேல் கிடந்த மஞ்சள் பாரத்தில் அவள் கண் போயிற்று.

"இது என்ன?"

"கார்டு செத்துப்போனா எழுதற பாரம்."

"தேதி போட்டிருக்கீங்க?"

"போட்டேன். அதுக்கு மேல எழுத வரல."

அவள் அந்தப் பாரத்தை எடுத்துப் படித்தாள். "எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காப்பி எடுத்த டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் அன்று சாப்பாட்டின்போது பெரியப்பா நடந்ததைச் சொன்னார். மனைவி கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். "நாள் முழுக்க நின்னு ஒண்ணுமே எடுக்கலயா?"

"எடுத்தேன். எடுக்க வேண்டியத விட்டுட்டு மத்ததெல்லாம் எடுத்தேன்."

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கப் பார்த்து, முடியாமல் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கினாள். "தொப்பை மட்டும் ஃபோகஸா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். இருந்தது என்று ஒத்துக்கொள்ளும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, கேமரா இனிமேல் இல்லை என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் காலை லாரி வந்து வீடு காலியாகிவிட்டது, மறுபடி எடுக்க வழியில்லை. மூன்று நாள் ஊசி அவரோடு பேசவில்லை. எடிட்டிங் அறைக் கதவு சாத்தியே இருந்தது. நான்காம் நாள் மதியம் கதவைத் திறந்து, நடையில் போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"உங்க தொப்பை இல்லாத இடம் மொத்தம் பதினோரு நிமிஷம் தேறுது. வந்து உட்காருங்க."

உட்கார்ந்தார். சவுண்ட் மட்டும் வேறு கருவியில் பதிவாகியிருந்ததால் முப்பது டேக்கின் பேச்சும் அழுகையும் முழுசாக இருந்தன. படம் இல்லாத குரல் ஒரு பக்கம், குரல் இல்லாத படம் இன்னொரு பக்கம். ஊசியின் அம்மா டேக்குக்கு நடுவே என்னென்னவோ செய்திருந்தார். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். அலமாரிக் கண்ணாடியில் நெற்றி முடியை ஒதுக்கினார். பெட்டியின் டேப்பை நகத்தால் உரித்தார். வெறுமனே ஜன்னலைப் பார்த்தார். ஊசி அந்தப் படங்களின்மேல் ஃபோன் பேச்சை ஓட விட்டாள். பேசுகிற குரல் கேட்கிறது. பார்த்தால் அந்தப் பெண் பேசவில்லை. எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே பேசிக்கொள்கிறாள், ஃபோன் மட்டும் செய்யவில்லை.

"இது என் கதை இல்ல" என்றாள் ஊசி.

"இல்லம்மா. கெடுத்துட்டேன்."

"என் கதை இல்லன்னுதான் சொன்னேன். அந்த ஜன்னல் பாக்கறத இன்னும் ரெண்டு செகண்ட் விடலாமா, சொல்லுங்க."

விடலாம் என்றார். மூன்று நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சண்டையும் வந்தது. கேமரா அசைகிற ஒரு துண்டை அவர் வெட்டச் சொன்னார், அவள் மாட்டேன் என்றாள். அந்த மூன்று நாளில் கற்றுக்கொண்டதைப் போல் வருஷம் முழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்று பெரியப்பா பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தார். எடிட்டிங் அறை அப்படி ஒன்றும் மோசமில்லை என்றுகூட மனதைத் தேற்றிக்கொண்டார்.

திரையிட்ட அன்று விளக்கைப் போட்டதும் வாத்தியார் ஊசியின் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கு. ஆனா நீ எழுதிக் குடுத்தது வேற கதையாச்சே. என்ன ஆச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்துவிட்டார். "தப்பு என்னோடது சார். பட்டன மாத்தி அழுத்திட்டேன். ஒரு டேக்கூடப் பதிவாகல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "ஸ்கிரீன்லயே காட்டுமே சார், ஓடுதா இல்லையான்னு?"

"கவனிக்கல சார்."

ஊசி தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, "நான் அழுதது எங்கடி?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுவும் சரிதான். நானா இருந்தா ஃபோன் பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். படத்துக்குப் பாதிக்கு மேல் மார்க் வந்தது. கேமராவுக்கு மட்டும் வகுப்பிலேயே குறைவான மார்க். பலகையில் எழுதி ஒட்டினார்கள். பெரியப்பா அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தார்.

அடுத்த வாரம் ஆள் எடுக்கும் நாள். எடுக்கப்படாதவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய தாளில் எடிட்டிங் என்று எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெரியப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் இயக்குநர் எழுந்து ஒரு பையன் பெயரைச் சொல்லி, "இவன்கிட்ட பைக் இருக்கு" என்றான். இரண்டாமவள் தன் தோழியை எடுத்துக்கொண்டு, "நான் கத்தினா இவ திருப்பிக் கத்த மாட்டா" என்றாள். மூன்றாமவன் சொன்ன காரணம் யார் காதிலும் விழவில்லை. நெட்டைப் பையனை எடுத்துக்கொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். பெரியப்பாவும் மனசாரத் தட்டினார். நெட்டை நல்ல பிள்ளை.

ஊசி எழுந்தாள்.

"பெரியப்பா" என்றாள்.

யாரோ விசிலடித்தார்கள். விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. வாத்தியார் சாக்பீஸைப் பிடித்தபடி, "காரணம்?" என்றார்.

"கார்டு செத்துப்போச்சுன்னு அவர் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன் சார்."

சிரிப்பு நின்றது. அவள் உட்காரவில்லை. நாக்கு ஊசி என்றாலும் அடுத்ததைச் சொல்ல அவளுக்குச் சிரமமாகத்தான் இருந்தது.

"ஸ்கிரீன்ல எழுத்த அணைக்கச் சொன்னது நான். அவர் வேணாம்னார், நான் கேக்கல. அத அவர் உங்ககிட்ட சொல்லல. எங்கிட்டகூட ஒரு தடவ சொல்லிக் காட்டல."

"ஒரு காரணம்தான் சொல்லணும்" என்றார் வாத்தியார், மெதுவாக.

"எல்லாம் சேர்ந்து ஒண்ணுதான் சார்."

வாத்தியார் கடைசி பெஞ்சைப் பார்த்தார். "சார், சம்மதமா?"

பெரியப்பா எழுந்து நின்றார். தலையை ஆட்டினார், அதுவே போதும் என்று வாத்தியார் பலகையில் எழுதிவிட்டார்.

வகுப்பு கலைந்ததும் அவர் மாடிப்படி வளைவில் நின்று மனைவிக்கு ஃபோன் செய்தார். கண்ணாடிக் கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் பேச்சு கேட்டது.

"கேமரா கிடைச்சிடுச்சு" என்றார்.

"யாரு எடுத்தா?"

"யாரு படத்தக் கெடுத்தேனோ, அந்தப் பொண்ணுதான்."

"இங்க ஆளுங்க நிக்கறாங்க. வச்சிடறேன்" என்றாள்.

சொன்னாளே தவிர வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை. கடையில் யாரோ ஃபிரேம் விலை கேட்பது இவருக்குக் கேட்டது. படியில் பிள்ளைகள் தடதடவென்று இறங்குவது அவளுக்குக் கேட்டிருக்கும்.